தண்ணீரைத் தொடாத எஞ்சின்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பாடசாலை மைதானத்தில் புல் வெட்ட ஓர் ஆள் வந்திருந்தார். தோளில் தொங்கும் மெஷின், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நான் கந்தோர் ஜன்னலோரம் இருந்து பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் ஜன்னலால் வந்தது. பெற்றோலில் ஒயில் கலந்து எரிகிற வாசம்; பாதி இனிப்பு, பாதி தலைவலி. பக்கத்து மேசை டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஜன்னலச் சாத்துங்களே” என்றார். சாத்த எழும்பியவன் கொக்கியில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு அந்த வாசத்தில் புல் நினைவுக்கு வருவதில்லை. ஒரு படகும், அதன் பின்பலகையில் பதவி கிடைத்தவர் மாதிரி உயரத்தில் ஏறி இருந்த ஒரு சின்ன எஞ்சினும்தான் வரும். அந்த எஞ்சினைப் பொருத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய பங்கு ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம். கல்பிட்டிக் கரையில் யாரோடு கதைத்தாலும் ‘டூரிஸம்’ என்ற ஒரே சொல்தான். வெங்காயம் போட்டவர்கள் கபானா என்ற வாடகைக் குடிசை போட்டார்கள். கருவாட்டு வாடி வைத்திருந்த ஒருவர் வாடியைக் கழுவி, வெள்ளையடித்து, வாசலில் ‘ஈகோ லொட்ஜ்’ என்று பலகை நாட்டினார். பலகை புதிது, வாசம் பழையது. ரோட்டில் சும்மா திரிகிற கழுதை ஒன்றைப் பிடித்து, வெள்ளைக்காரர்கள் ஏறிப் படம் எடுக்கட்டும் என்று யாரோ முதுகில் மெத்தை கட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கழுதைக்கு மட்டும் டூரிஸத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. இரண்டாம் நாள் மெத்தையோடு காணாமல் போய்விட்டது.

இந்தக் காய்ச்சல் எங்கள் ஹாஜியாரையும் பிடித்தது. புத்தளம் பட்டணத்தில் “ஹாஜியார்” என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் உப்பளம் வைத்திருந்த ஹாஜியார். கடல் உள்ளே புகுந்து நிற்கும் களப்போரம் அவருக்குச் சும்மா கிடந்த காணியில் ஆறு கபானாவும், தண்ணீருக்குள் நீட்டி ஒரு மரப்பாலமும் போட்டார். என்னை முகாமையாளராக வைத்தார். அப்போது நான், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் கரைத்தீவு முகாமில் இருந்து, உயர்தரம் பாஸ் பண்ணி, ஆறு மாத ஆங்கில டிப்ளோமா ஒன்றும் முடித்த கையோடு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ‘நடவடிக்கை முகாமையாளர்’ என்று இரண்டு பக்கமும் அச்சடித்த அட்டை தந்தார்கள். துவாய் எண்ணுவது, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுவது, கபானாக் கூரைக் கிடுகைத் தின்னவரும் கழுதைகளைக் கலைப்பது எல்லாம் நடவடிக்கைதான். ஆனாலும் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்தால் என் நடையே மாறும். பையின் துணி மெல்லியது. எழுத்து வெளியில் தெரியும். அதற்காகவே அந்தச் சட்டையை அடிக்கடி போட்டேன்.

பிறகு படகு வந்தது. நீர்கொழும்புப் பக்கத்துப் பணக்காரர் ஒருவர் அலுத்துப்போய் விற்ற உல்லாசப் படகு. வெள்ளை உடம்பு, நீலக் கூடாரம், மெத்தை வைத்த ஆசனங்கள். கோப்பை வைப்பதற்கென்று ஆறு குழிகள். ஹாஜியார் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எஞ்சினைக் காட்டவில்லை, அந்தக் குழிகளைத்தான் காட்டினார். “தேத்தண்ணி வச்சா ஊத்தாது” என்பார். பெரிய எஞ்சின் நாற்பது குதிரைச் சக்தி, பழசானாலும் பாயும். ஓட்டுவதற்கு ஜவ்பர் நானாவைப் பிடித்தோம். அவரும் மன்னாரிலிருந்து வந்து கரைத்தீவில் இருந்தவர், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. என்னை விட ஏழெட்டு வயது மூத்த அண்ணன் முறை, அதனால் நானா. கதை குறைவு, வாயைத் திறந்தால் உப்புப் போட்ட மாதிரித்தான் வரும்.

ஹாஜியாருக்குப் படகுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இளைய மகள் பர்ஹானாவுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்த நேரம். பின்பலகை முழுக்க அவள் பெயரைத் தங்க நிறத்தில் மூன்று மொழியிலும் எழுதுவித்தார். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். எழுதியவர் சிலாபத்து ஓவியர். தமிழ் தெரியாது, என் கையெழுத்தைப் பார்த்துத்தான் வரைந்தார். கடைசித் துணைக்காலை விட்டுவிட்டார். சிங்களத்தில் பர்ஹானா, ஆங்கிலத்தில் பர்ஹானா, தமிழில் மட்டும் ‘பர்ஹான’. பார்க்கிறவர்கள் அரைவாசி ஆம்பிளைப் பெயராக வாசித்தார்கள். நடுவில் பெரிய எஞ்சினை மாட்டியதும் மூன்று மொழியிலும் நடு எழுத்துகள் மறைந்தன. அந்தச் சமத்துவத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்களை ஏற்றிக் கடலுக்குப் போக அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் ஒரு கேள்வி: ‘துணை எஞ்சின் உண்டா?’ பக்கத்தில் இரண்டு பெட்டி, ஓம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. பெரிய எஞ்சின் நின்றுபோனால் கரை சேர்க்க ஒரு சின்ன எஞ்சின். நியாயமான கேள்விதான்.

“எஞ்சினா? நம்மட மருமகன்ட பெட்டிக்குள்ள ஒண்டு இரிக்கே” என்றார் ஹாஜியார்.

மருமகன் என்றால் ரிஸ்வான், மூத்த மகளின் புருஷன். கட்டாரில் கட்டட வேலைத்தளப் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருந்து திரும்பியவர். எந்தக் கதையையும் “கட்டார்ல” என்றுதான் தொடங்குவார். அவர் கப்பலில் போட்டுவிட்ட பெட்டியில் கம்பளிப் போர்வை, பால்மா, தூசு உறிஞ்சும் மெஷின் இவற்றோடு ஐந்து குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்றும் வந்திருந்தது. ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. மலிவாகப் போயிற்றாம்.

பாலத்தில் வைத்து அதைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஜவ்பர் நானா குந்தி இருந்து ஒரு சாணால் அளந்தார். எஞ்சினின் தலையிலிருந்து தண்ணீர் தள்ளும் விசிறி வரைக்கும் உள்ள நீளத்தை அவர் ‘கால்’ என்பார்.

“தம்பி, இது கட்டைக் கால். குளத்துத் தோணிக்கு மாட்டுறது. நம்மட போட்டுட பின்பலகை உசரம். இதுல கொழுவினா விசிறி தண்ணிய தொடாது.”

ரிஸ்வானுக்கு ‘தம்பி’ பிடிக்காது, ‘சேர்’ வேண்டும். “அப்ப என்ன செய்யணுமெண்டு சொல்றீங்க?”

“பலகையில வலப்பக்கமா ஒரு சாண் வெட்டி எறக்கணும். அரை மணித்தியால வேல.”

கொஞ்சம் தள்ளிக் கதிரையில் இருந்த ஹாஜியார் எழும்பிவிட்டார். “என்ன வெட்டுற? மகள்ட பேரயா? சம்பந்தம் பேசுற நேரத்துல அவட பேர வாளால வெட்டச் சொல்றியா நீ?”

ஜவ்பர் நானா சாறத்தை உதறிக்கொண்டு எழும்பினார்.

வழி கண்டுபிடித்தவர் ரிஸ்வான். பெயருக்கு மேலே, ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல், தடித்த தேக்குப் பலகைத் துண்டு ஒன்றை நிறுத்தி, அதில் எஞ்சினைக் கொழுவுவது. எழுத்து தப்பும், ஆனால் எஞ்சின் இன்னும் நாலு விரல் மேலே போகும். “எமர்ஜென்சிக்குத்தானே” என்றார். “கட்டார்ல எல்லாம் இப்பிடித்தான்.”

ரிஸ்வானுக்கு இரண்டு நாள் வேலை. அதை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. துளை போட்டது அளவாக. துருப்பிடிக்காத ஆணி, ஒவ்வொன்றுக்கும் றப்பர் வளையம், துளைக்குள் தண்ணீர் இறங்காமல் பசை. எஞ்சினின் இரண்டு இறுக்கிகளையும் கை சிவக்க முறுக்கினார். கழன்று விழுந்தாலும் கடலுக்குள் போகாமல் சங்கிலி. சங்கிலிக்குப் பூட்டு. பொருத்திய அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீர் மட்டும்தான் எட்டவில்லை.

ஓட்டிப் பார்க்கவேண்டுமே? தண்ணீர் எட்டாததால் எஞ்சினைத் திரும்பக் கழற்றி, கரையில் ஒரு நீல பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மாட்டி, கயிற்றை இழுத்தார். ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது. பீப்பாத் தண்ணீர் கொந்தளித்துச் சுற்றிநின்ற எல்லாரையும் நனைத்தது. சமையல்காரர் முதல் ஹாஜியார் வரைக்கும் கை தட்டினோம். ஜவ்பர் நானா மட்டும், “பீப்பா நல்லா ஓடுது” என்றுவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார்.

எஞ்சினைத் திரும்பப் படகில் ஏற்றிய பிறகு, ஒருவரும் இல்லாத நேரம் நான் அளந்து பார்த்தேன். வெறும் படகில் விசிறியின் நுனிக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல் காற்று. ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன்.

“நாலு விரல்தானே” என்றார்.

அன்று பின்னேரம் படிவத்தை நிரப்பினேன். ‘துணை எஞ்சின் உண்டா?’ உண்டு. தண்ணீரைத் தொடுமா என்று படிவம் கேட்கவில்லை. ஓம் பெட்டியில் சரி போட்டு, கீழே ‘பரிசோதித்து உறுதிப்படுத்துபவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பதவியையும் எழுதி, கையெழுத்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், பதவி எழுத ஓர் இடம் இருந்ததில் எனக்குச் சந்தோஷம். நான் சொன்ன பெரிய பங்கு இதுதான்.

பார்க்க வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். உயிர்காப்பு அங்கிகளை எண்ணினார். செவ்விளநீர் குடித்தார். எஞ்சினைப் பாலத்தில் நின்றபடி தொலைபேசியில் படம் எடுத்தார். “ஹொந்தாய், ஹொந்தாய்” என்று சிங்களத்தில் ‘நல்லது’ சொல்லி, ஒரு கோப்பைக் குழியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பத்திரம் வந்தது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டினோம்.

மாட்டுகிற நேரம் ஜவ்பர் நானா வந்து ஆணியைப் பிடித்தார். “படிவத்துல போட்ட ஓம் உன்ட ஓம். எனக்கொண்டுமில்ல. அதுல ஏறிப் போறவன் நான், அதான் சொன்னன்.” அவ்வளவுதான். அடிக்கு முன்பாகச் சுத்தியலைக் கையில் தந்துவிட்டுப் போனார். முதல் அடி என் பெருவிரலில்.

முதல் பயணத்துக்கு வெள்ளைக்காரர்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. ஹாஜியார் அதற்கு வேறு ஆட்களை வைத்திருந்தார்: கொழும்பிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார். பெண்ணைப் பார்ப்பது வீட்டில் நடக்கட்டும். அதற்கு முன்பு டொல்பினைப் பார்க்கட்டும் என்பது அவர் திட்டம். மாப்பிள்ளையின் வாப்பாவுக்குத் துணிக்கடை. மெல்லிய குரல், ஒவ்வொரு வசனத்தையும் முடிக்காமல் மனைவியைப் பார்ப்பார். மாப்பிள்ளையின் உம்மா நல்ல பெருத்த உடம்பு, பாலத்தில் நடந்து வரும்போது பலகைகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. மாப்பிள்ளை கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், கம்பியூட்டர் வேலை, ஸலாம் சொன்னதோடு சரி. பர்ஹானா வரவில்லை. மாப்பிள்ளையோடு ஒரே படகில் பெண் போவது மரியாதையில்லை என்றார்கள். அவள் தன் கையால் செய்த வட்டலப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்பை ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் மூடிக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதுவும் வந்தது, பின்பலகையில் அவள் பெயரும் வந்தது.

ஹாஜியார், ரிஸ்வான், விருந்தாளிகள் மூன்று பேர், ஜவ்பர் நானா, நான். காலை ஏழு மணிக்குக் களப்பிலிருந்து வடக்கே தீவுகளுக்கு நடுவால் வெளிக்கடலுக்குப் போனோம். கடல் தட்டையாக, எண்ணெய் தடவின மாதிரி. டொல்பின்களும் வந்தன, சும்மா சொல்லக்கூடாது. நூறு என்றார் ஹாஜியார். தன் உப்பளத்தில் வளர்த்தவை மாதிரிக் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். சம்பந்தி சந்தோஷப்பட்டுக் கோப்பையைக் குழியில் வைத்தார். ஊற்றவில்லை. ஹாஜியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திரும்புகிற நேரம்தான் அது நடந்தது. யாரோ கைவிட்ட வலைத்துண்டு ஒன்று தண்ணீருக்குள் மிதந்திருக்கிறது. பெரிய எஞ்சினின் விசிறியில் சுற்றி, உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, படகு ஓடவில்லை. ஜவ்பர் நானா எஞ்சினைத் தூக்கி, வலையை வெட்டி எடுத்துப் பார்த்தார்.

“விசிறியப் பிடிக்கிற ‘பின்’ ஆணி முறிஞ்சிட்டுது. அண்டைக்கே கேட்டன், மேலதிகமா ரெண்டு பின் வாங்கித் தாங்க எண்டு.”

கேட்டது உண்மை. துணை எஞ்சினே இருக்கும்போது துணைப் பின் எதற்கு என்று ரிஸ்வான் சொன்னதும் உண்மை.

“ஒருத்தரும் பயப்பட வேணாம்” என்று ஹாஜியார் எழும்பி நின்றார். “எங்களுக்கு ஸ்பெயார் எஞ்சின் இரிக்கி. கட்டார் எஞ்சின்.”

ரிஸ்வான் பூட்டைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி, கயிற்றை இழுத்தார். ஒரே இழுவை. எஞ்சின் பிடித்துக்கொண்டு காதைக் கிழிக்கிற மாதிரிக் கத்தியது. விசிறி காற்றில் சுற்றியது. ஓர் அலை படகைத் தாழ்த்தினால் நுனி தண்ணீரைத் தொட்டு எங்கள் முகத்தில் பன்னீர் தெளிக்கும். அடுத்த அலையில் பழையபடி காற்று. பெற்றோலும் ஒயிலும் கலந்த புகை படகை மூடியது.

“சத்தம் நல்லாத்தானே கேக்குது. போட் ஏன் போகல?” என்று கேட்டார் ஹாஜியார்.

ஜவ்பர் நானா கையை நீட்டி நிற்பாட்டினார். “தண்ணி இல்லாம ஓட்டினா சூடேறி இதுவும் செத்துப்போகும். பிறகு தொழுறது மட்டும்தான் மிச்சம்.”

அந்தச் சத்தம் நின்றபோதுதான் காற்றின் சத்தம் கேட்டது. அது கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தென்னைகள் பற்குச்சிகளாகி, ஒரு கோடாகி, கோடும் சில இடத்தில் அறுந்து தெரிந்தது. தொலைபேசிகளை எல்லாரும் தூக்கிப் பிடித்தார்கள். ஒன்றிலும் சிக்னல் இல்லை. சுற்றிப் பார்த்தால் வேறு படகு ஒன்றுமில்லை.

இந்தக் கரைக்கு நான் முதல்முறை வந்ததும் கடலால்தான். தொண்ணூறில், முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, மன்னாரிலிருந்து, எத்தனை பேர் என்று யாரும் எண்ணாத ஒரு வள்ளத்தில், உம்மாவின் மடியில். அந்த வள்ளத்தில் அங்கி இல்லை, பத்திரம் இல்லை, ‘பரிசோதித்து உறுதிப்படுத்துபவர்’ என்று ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. வாப்பா இரவும் பகலும் தண்ணீர் அள்ளி ஊற்றினார். அப்படி வந்த பிள்ளை வளர்ந்து, படித்து, ஏழு பேரின் உயிருக்கு ஓம் என்று ஒரு சரி போட்டிருக்கிறான். சட்டைப் பையில் இருந்த அட்டையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன். கடல் வாசித்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ரிஸ்வான் என் பக்கத்தில் வந்து இருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. “தம்பி, யாருக்கும் சொல்லாதீங்க. எனக்கு நீந்தத் தெரியாது. கட்டார்ல நான் ஸ்டோர்ல ஹெல்மட் குடுத்த ஆள்” என்றார் மெதுவாக. அன்றுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

ஜவ்பர் நானா காற்றைப் பிடிக்காதபடி கூடாரத்தை மடக்கிக் கட்டினார். பிறகு பின்பலகையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெட்டி எறக்க ஏலாது. போட்டத்தான் எறக்கணும். எல்லாரும் பின்னுக்கு வந்து இருந்தா விசிறி தண்ணிக்குள்ள போகும்.”

நானும் ரிஸ்வானும் போனோம். போதவில்லை. ஜவ்பர் நானா என்னைப் பார்த்தார், நான் ஹாஜியாரைப் பார்த்தேன், ஹாஜியார் வானத்தைப் பார்த்தார். முன் மெத்தையில் இருப்பவர்கள் சம்பந்தி வீட்டார். அவர்களிடம் போய் “உங்கட பாரம் வேணும்” என்று எப்படிச் சொல்வது? கடலில் அடிபட்டுப் போவதை விட அது பெரிய மரியாதைக் கேடாக இருந்தது எங்களுக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் அந்த மரியாதையிலேயே மிதந்தோம்.

“காற்றோட்டம் பின்பக்கம் கொஞ்சம் கூட…” என்று இழுத்தார் ஹாஜியார்.

மாப்பிள்ளையின் உம்மா கைப்பையை மூடினார். “பாரம் வேணுமெண்டா நேரா சொல்லுங்களே, ஹாஜியார். இந்த போட்டுல என்னய விட பாரம் யாரு ஈக்கிற?”

செருப்பைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு, ஆசனங்களைப் பிடித்துப் பிடித்து வந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் சாமான் பெட்டியின் மேல் பிஸ்மி சொல்லி இருந்தார். படகின் பின்பக்கம் பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கியது.

“இன்னும் ரெண்டு விரல்” என்றார் ஜவ்பர் நானா.

“ஏங்க, அங்க என்ன செய்றீங்க? வாங்க. ஹாஜியாரையும் கூட்டிட்டு வாங்க” என்று உம்மா புருஷனைக் கூப்பிட்டார்.

துணிக்கடைக்காரர் வந்தார். ஹாஜியார் வந்தார். மாப்பிள்ளை, ஒரு கையில் உம்மாவின் செருப்போடு வந்தார். ஏழு பேரும் ஒருவர் மடியில் ஒருவர் இருக்காத குறையாக ஒடுங்கிய பிறகு ரிஸ்வான் கயிற்றை இழுத்தார். கத்திக்கொண்டு தொடங்கிய எஞ்சின், விசிறி தண்ணீருக்குள் போனதும் குரலை இறக்கி முனகியது. ஜவ்பர் நானா கைபிடியைத் திருப்பினார். படகு நடந்தது. ஓடியது என்று சொல்ல மாட்டேன்.

மூக்கு வானத்தில், பின்பக்கம் தண்ணீர் மட்டத்தில். ஓரோர் அலையும் ஒரு வாளியளவு உள்ளே வந்தது.

“தண்ணி அள்ள ஒரு ஏனம் வேணும்!” என்றார் ஜவ்பர் நானா.

இருந்த ஒரே ஏனம் அந்தச் சட்டி. மாப்பிள்ளை அதை எடுத்து மூடியைத் திறந்தார். “இதுல வட்டலப்பம் இரிக்கே.”

“கொட்டு மகன்!” என்றார் உம்மா.

ஹாஜியார், “மகள் ராவா நிண்டு செஞ்சது…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கடலில் கொட்டினார். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டரை மணித்தியாலம், தீவுகளைத் தாண்டிக் களப்புக்குள் வரும்வரை, அள்ளி அள்ளி ஊற்றினார். கண்ணாடி ஒருமுறை விழுந்தது. உம்மா எடுத்துத் தன் பைக்குள் போட்டார். கண்ணாடி இல்லாமலே அள்ளினார்.

பாலத்தில் எங்கள் சமையல்காரரும், கூலிக்கு வலை தைக்கிற நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். முன்பக்கம் காலியாக வானத்தைப் பார்க்க, பின்பக்கத்தில் ஏழு பேர் குவிந்து வருவதைக் கண்டு ஒருவர், “இது வெள்ளைக்காரனுக்குப் புது விளையாட்டாக்கும்” என்றார். ஹாஜியார் காதில் விழுந்தது. அவர் முகத்தைத் துடைக்கிற சாட்டில் துவாயால் மூடிக்கொண்டார்.

இறங்கி, முக்காட்டைப் பிழிந்தபடி மாப்பிள்ளையின் உம்மா பின்பலகையை வாசித்தார். “பேரெல்லாம் நல்ல பெருசாத்தான் எழுதி ஈக்கிது, ஹாஜியார். ஆனா அந்தப் புள்ள செஞ்சத எங்களுக்குச் சாப்புடக் கெடைக்கல்லியே. இன்னொரு நாளைக்கு வீட்டுக்கு வாறோம்.” கொஞ்சம் நடந்து திரும்பி, “ரோட்டால வாறோம்” என்றார்.

அடுத்த நாள் காலையில் வரவேற்பு மேசைத் தொலைபேசி அடித்தது. பெண் குரல். பர்ஹானா. அதற்கு முன்பு அவள் என்னோடு கதைத்ததே இல்லை.

“வாப்பா ஒண்டும் சொல்றாரில்ல. ரிஸ்வான் மச்சானும் படுத்தே இரிக்கிறாரு. நீங்க சொல்லுங்க. அவர் கடல்ல என்ன செஞ்சாரு?”

“கடைசி வரைக்கும் தண்ணி அள்ளினார்.”

“ஒண்டும் பேசலயா?”

“இல்ல.”

“வட்டலப்பத்தக் கொட்டினாங்களாமே?”

“ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டுத்தான் கொட்டினார்” என்றேன்.

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு ஒன்று. “சரி, வைக்கிறன்.” ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிகாஹ் நடந்தது. அவளுக்கும் அவருக்கும் நான்தான் பொருத்தம் பார்த்தேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு அது தெரியாது.

ஆனால் அந்தச் சரி என்னை விடவில்லை. பத்திரம் தந்த கந்தோருக்குப் போய், படிவத்தில் ஒரு பிழை, திருத்த வேண்டும் என்றேன். அதே உத்தியோகத்தர். “எஞ்சின் இருக்கா இல்லையா?” என்று சிங்களத்தில் கேட்டார். இருக்கு என்றேன். “அப்ப பிழை இல்லையே” என்றார். தண்ணீரைத் தொடாது என்றேன். அதற்குத் தனிப் படிவம் இல்லை என்றார்; கவலையோடுதான் சொன்னார். திரும்பி வந்து ஹாஜியாரிடம், பலகையை வெட்டாமல் ஒரு பயணத்துக்கும் இனிக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் முதலாளி ஒருவரிடம் நான் சொன்ன ஒரே ‘மாட்டேன்’ அதுதான். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டினார்.

“நான் இல்லாத நேரம் வெட்டுங்க.”

ஜவ்பர் நானா வெட்டினார். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் பெயரின் வால் போனது. ஆங்கிலம் கீழே இருந்ததால் தப்பியது. சின்ன எஞ்சின் இறங்கி, விசிறி ஒரு சாண் ஆழத்தில் போய் நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் ஓட்டிய நாலைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அது தேவைப்படவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. ரிஸ்வான் கட்டாருக்கே திரும்பினார். ஜவ்பர் நானா மன்னாரில் தன் ஊருக்கு மீளக் குடியேறப் போனார். கரைத்தீவில் அவர் வீட்டுக் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வராத வருடங்கள் வந்தன. அவை முடியும் முன்பு பெற்றோலுக்கு வரிசையில் படுத்த வருடம் வந்தது. படகைச் சிலாபத்து ஆள் ஒருவர் வாங்கி, மெத்தைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐஸ் பெட்டி வைத்தார். எனக்குப் பாடசாலைக் கந்தோரில் வேலை கிடைத்தது. ஹாஜியார் மவுத்தாகி, அடக்கி, இரண்டு வருடம். கடைசியாகப் பார்த்தபோதும், ரோட்டு நல்லா வந்தால் டூரிஸம் திரும்ப வரும் என்றுதான் சொன்னார்.

ரோட்டு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் கல்பிட்டிக்கு ஒரு வேலையாகப் போனவன் மோட்டார் சைக்கிளை ஹாஜியாரின் பழைய காணிக்குப் போகும் ஒழுங்கைக்குள் திருப்பினேன். கபானாக்கள் இருந்த இடத்தில் கள்ளியும் கம்பி வேலியும். பாலத்தில் நாலு தூண் மிச்சம். ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. வேலியில் ஒரு விளம்பரப் பலகை: ‘விரைவில்’. என்ன விரைவில் என்று எழுதியிருந்த பகுதி வெயிலில் அழிந்துவிட்டது.

ஒழுங்கை முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை புதிதாக வந்திருந்தது. கடைக்காரர் என் வயது இருக்கும். இங்கே ஒரு ஹோட்டல் இருந்ததே, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“இங்கயா?” அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அந்த வெட்டவெளியை உண்மையாகவே ஒருமுறை பார்த்தார். “இல்ல சேர், நீங்க எடம் மாறி வந்திட்டீங்க. இங்க ஹோட்டல் ஒண்டும் இருந்ததில்ல. இது எப்பவும் இப்பிடித்தான்.”

வாதாடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன ஆதாரம் காட்டுவது? தேத்தண்ணி நல்ல சாயமாக, இஞ்சி போட்டு இருந்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு எழும்பினேன்.